யன்னலால் வந்த கரண்ட்

எனக்கு அருவருப்பு வந்தால் மறைக்கத் தெரியாது. முகத்தில் எழுதி ஒட்டியது போல் இருக்கும். யுத்த காலத்தில் மின்சாரத் திட்டமிடல் பிரிவொன்றில் பொறியியலாளராக இருந்தேன். கூட்டங்களில் எனக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் அந்த முகத்தை நிறையப் பார்த்திருப்பார்கள்.

விஷயம் ஒன்றும் சிக்கலானதல்ல. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு மலைநாட்டு நீர்த்தேக்கங்களிலிருந்து வந்தது. மழை பொய்த்தால் கரண்ட் இல்லை. எண்ணெய் எரித்து ஈடுகட்டலாம் என்றால் செலவு தலைக்கு மேல் போகும். கொழும்புக்கருகே கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் தாக்கப்பட்டு எரிந்த பிறகு அந்தத் துணிச்சலும் போய்விட்டது. மழையை எதிர்பார்க்காமல் இரவு பகலாக ஓடும் நிலக்கரி நிலையம் ஒன்று வேண்டும் என்று நாங்கள் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தோம். கடற்கரையில் இடமும் பார்த்தாயிற்று. அங்குள்ள மீனவர்கள் சாம்பலுக்கும் கடலில் கலக்கும் சுடுநீருக்கும் பயந்து வேண்டாம் என்றார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. எனக்குக் குமட்டியது அவர்களைக் கண்டல்ல. அவர்கள் பெயரைச் சொல்லி ஏசி மண்டபங்களில் கண்கலங்கிய கொழும்புக் கனவான்களையும், தேர்தல் வாசனை அடித்தவுடன் திட்டத்தைக் கிடப்பில் போட்ட அரசியல்வாதிகளையும் கண்டுதான்.

அந்தக் கனவான்களில் ஒருவர் வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழ்வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற வழக்கறிஞர், யாழ்ப்பாணத்தவர்தான். சுத்தமான காற்றைப் பற்றி அழகான ஆங்கிலத்தில் பேசுவார். மின்வெட்டு தொடங்கிய வருடம் டீசல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி எங்கள் யன்னலுக்கு நேர் கீழே வைத்தார். கரண்ட் போனதும் அது உறுமத் தொடங்கும். வெளிச்சமும் காற்றாடியும் அவருக்கு, புகை எங்களுக்கு.

அந்த வருடம்தான் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து ஒருபடியாக எங்களிடம் வந்து சேர்ந்தார். அவருக்குத் தொய்வு. கொழும்பு டாக்டர் அதை ஆஸ்துமா என்று சொல்லி, மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசர் மெசின் ஒன்றை வாங்கச் சொன்னார். அதற்குக் கரண்ட் வேண்டும். மற்றபடி, மின்வெட்டென்று நாங்கள் புலம்புவது அக்காவுக்கு வேடிக்கையாக இருந்தது.

"அங்க கரண்ட் நிண்டு எத்தினை வருஷமாச்சு! இஞ்ச ரெண்டு மணித்தியாலத்துக்கே செத்தவீடு மாதிரி அழுறியள். அதுசரி, உனக்குக் கந்தோரில என்னடா வேலை?"

"நாட்டுக்கு எதால எவ்வளவு கரண்ட் எடுக்கிறது எண்டு பாக்கிறது அக்கா. தேசியத் திட்டம்."

"அதில யாழ்ப்பாணம் இருக்கோ?"

எங்கள் வரைபடத்தில் வடக்கே போன கம்பி பாதிவழியில் நின்றிருந்தது. இல்லை என்றேன்.

"அப்ப அதென்ன தேசியம்?"

அதன் பிறகு அறிக்கைகளில் அந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் எனக்கு வாய் கசந்தது.

ஒருநாள் பின்னேரம் கரண்ட் போனது. கீழே ஜெனரேட்டர் உறுமியது. நாங்கள் ஓடிப்போய் யன்னலைச் சாத்துவதற்குள் டீசல் புகை அறையை நிறைத்துவிட்டது. அக்காவுக்கு இழுக்கத் தொடங்கியது. வாயில் அடிக்கும் பம்ப் உதவவில்லை. உதடு நீலம்பாரிப்பதைக் கண்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அக்கா கையை ஆட்டினார்.

"வேண்டாமடா. மறிச்சுப் போடுவாங்கள்."

அவர் சொன்னதில் பிழையில்லை. காலி வீதி என்ற பெருந்தெரு நெடுகச் சோதனைச் சாவடிகள். அக்காவின் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். முந்திய முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது படையினர் விசாரணை என்று வாகனப் புகைக்குள் நெடுநேரம் நிற்கவைத்திருந்தார்கள். இனி மெசின்தான் கதி. கரண்ட் இருந்ததோ கீழ்வீட்டில்.

அந்த வாரம் நடந்த திட்டக் கூட்டத்தில்தான் கீழ்வீட்டு வழக்கறிஞர் நிலக்கரியைக் கொலை என்று சொல்ல, நான் அவரோடு வாய்ச்சண்டையில் கொழுவியிருந்தேன். ஆனாலும் போனேன். காற்றாடிக்குக் கீழே டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அக்காவுக்குக் கடுமையா இழுக்குது. மெசினுக்கு ஒரு லைன் தருவீங்களோ?"

பதறி எழுந்தார். "இதையும் கேக்க வேணுமே தம்பி!" என்று தானே வயரைத் தேடி எடுத்தார். கையில் தரும்போது உண்மையான கரிசனையோடு சொன்னார்:

"இப்பிடியான ஆக்களுக்காகத்தானே தம்பி நாங்கள் நிலக்கரி வேண்டாமெண்டு கத்துறம்."

நக்கலாகச் சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். வாயில் வந்ததை விழுங்கி நன்றி சொன்னேன்.

படியால் கொண்டுபோக வயரின் நீளம் போதவில்லை. வெளியே தொங்கவிட்ட கயிற்றில் கட்டி யன்னலால் இழுத்தோம். வயர் நுனியில் பிளக் செருகும் பெட்டி யன்னல் கட்டை வரைக்கும்தான் வந்தது. அதற்கு மேல் ஒரு விரலளவும் அசையவில்லை; மெசினின் வயரும் முழ நீளம்தான். கதிரையை யன்னலடிக்கு இழுத்து அக்காவை இருத்தி, முகமூடியை மாட்டி மெசினைப் போட்டேன். வயரோடு சேர்ந்து புகையும் உள்ளே வந்தது. ஈரத் துவாயைப் பிடித்துப் பார்த்தேன், அது தடுக்கவில்லை.

அக்கா முகமூடியைத் தூக்கினார். "யன்னலைச் சாத்தடா."

"சாத்தினால் கரண்ட் இல்லையக்கா."

அவர் வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகமூடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு இருமினார். எனக்கு ஓங்காளம் வந்தது. அந்த நேரம் கீழேயிருந்து, ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலால் கீழ்வீட்டுக்காரர் கத்தினார்:

"தம்பி, அக்கா இப்ப நல்லா மூச்சு விடுறாவோ?"

"ஓம் ஐயா, பெரிய உபகாரம்!" என்று நானும் கத்தினேன். புகையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால், அந்த நல்ல மனிதர் ஜெனரேட்டரை நிறுத்திவிடக் கூடும்.