வாயு மூலையில் ஒரு மோடம்

புது இடம் எதுவானாலும் சுவரை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாரிசெல்வி உட்காருவாள். "ஹாலோ பிளாக். பரவால்ல, ஒரு கோடுதான் குறையும்" என்பாள். காங்கிரீட் என்றால் உதட்டைப் பிதுக்குவாள். தகரம் என்றால் முகமே சுண்டிவிடும். பிறகு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடி அடியாக நடந்து, எந்த இடத்தில் எத்தனை கோடு சிக்னல் என்று தரையில் எண் போடுவாள். அதற்காகவே துப்பட்டா முனையில் எப்போதும் ஒரு துண்டு சாக்பீஸ் முடிந்திருக்கும்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவள். ஸ்ரீபெரும்புதூரில் போன் செய்யும் கம்பெனி ஒன்றில் ஆறு வருடம் சிக்னல் சோதிக்கும் லைனில் நின்றாள். ஒவ்வொரு போனையும் ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடிச் சோதிக்க வேண்டும். வெளி அலை ஒரு துளிகூட உள்ளே வராத பெட்டி. கதவோரத்து வார் நைந்து நூலளவு இடைவெளி விட்டாலும் சோதனை தப்பிவிடும். இயந்திரம் காட்டிக்கொடுக்கும் முன்பே இவள் சொல்லிவிடுவாள்: "பெட்டி கசியுது சார்." சூப்பர்வைசர் நம்பாமல் போவார், புது வார் கேட்டு எழுதிக்கொண்டு வருவார். அப்பேர்ப்பட்டவளை, ஆர்டர் இல்லை என்று சொல்லி ஒரே வாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார்கள். அவள் கை பட்ட போனில் எத்தனை லட்சம் பேர் பேசுகிறார்களோ, அவள் அறையில் மட்டும் சிக்னல் கிடையாது.

அந்த அறை, ஒரகடத்தில் பாண்டுரங்கன் கட்டி வாடகைக்கு விட்ட தகரக்கூரை வரிசையில் நான்காவது. 'வைஃபை வசதி உண்டு' என்று வாசலில் போர்டு தொங்கும். அந்த வைஃபை மோடம், முற்றத்துக்கு எதிரே அவர் வீட்டுக் கூடத்தில், இரும்புப் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது.

"அண்ணாச்சி, சுத்திலும் இரும்பு. அலை எப்படி வெளிய வரும்?"

"இன்னாம்மா நீ? காத்துல வர்ற சாமான், வாயு மூலைலதான் வெக்கணும்னு வாஸ்துக்காரரு சொல்லிட்டுப் போய்க்கீறாரு. அந்த மூலைல பீரோதான் கீது."

"அப்ப பீரோ மேல வைங்களேன்."

"எவனாவது தூக்கினு பூட்டான்னா?"

ஆறு வருடம் அலையோடு மல்லுக்கட்டியவள் சொன்னால் காதில் ஏறாது. திசைகாட்டியைத் தலைகீழாகப் பிடித்தவனுக்குத் தட்சணையும் தலைவாழை இலையும்!

முற்றத்தில் அவள் எண் போட்ட முதல் நாளே பாண்டுரங்கன் மனைவி சின்னப்பொண்ணு "செய்வினை!" என்று அலறி, சாணியைக் கரைத்து ஊற்றிக் கழுவினாள். மறுநாளும் இவள் போட்டாள். மறுநாளும் சாணி. மூன்றாம் நாள் மாரிசெல்விக்குப் பொறுமை போயிற்று. "எக்கா, எல்லாத்தையும் கழுவுங்க. துவைக்கிற கல்லுகிட்ட மட்டும் வைஃபை ரெண்டு கோடு கசியுது, அந்த நம்பர விட்டுருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்." வேலை போனபோதுகூட அவள் யாரிடமும் இப்படிக் கெஞ்சவில்லை.

அப்போதுதான் நொய்டாவில் ஒரு போன் சோதனைக்கூடத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. வீடியோவில், வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. கூட்டுரோட்டு பிரவுசிங் சென்டரில் கேமரா உடைந்து கிடந்தது. போனிலேயே நெட் கார்டு போட்டுப் பார்த்தால் வீடியோவில் முகம் உறைந்து நின்றது. இந்த வேலை தவறினால், காண்ட்ராக்டில் மறுபடி அடியிலிருந்து தொடங்கி, கார் சீட்டுக்கு உறை மாட்டப் போகவேண்டியதுதான். அந்த ஒரு மணி நேரத்துக்காவது பீரோவைத் திறந்துவைக்கச் சொல்லிக் கேட்டாள்.

"பதினோரு மணியா? ராகு காலமாச்சே!" என்றார் பாண்டுரங்கன்.

"வெள்ளிக்கெழம பீரோவ தொறந்து போட்டா லட்சுமி வெளிய பூடுவா" என்றாள் சின்னப்பொண்ணு.

அறைத்தோழி முத்துச்செல்வி, பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப்பை இரவல் கொடுத்தவள், ஒரு குறுக்குவழி சொன்னாள். "எக்கா, கனவுல அம்மன் வந்து பீரோவத் தொறக்கச் சொல்லுச்சுன்னு சொல்லிருங்க. அடுத்த நிமிசம் தொறந்துருவாக."

மாரிசெல்வி முறைத்தாள். "ஏட்டி, அப்படித் தொறந்தா ஜெயிச்சது நானா, கனவா? நாளைக்கு இன்னொருத்தி கனவு கண்டா மூடிருவாகள்லா?"

வியாழக்கிழமை மதியம் நேரே அவர்கள் கூடத்துக்கே போனாள். "இதுதான் பீரோன்னு வச்சுக்கிடுங்க" என்று சின்னப்பொண்ணுவின் போனை எவர்சில்வர் தூக்குக்குள் போட்டு மூடினாள். தன் போனிலிருந்து அழைத்தாள். தூக்குக்குள்ளிருந்து போன் கணகணவென்று பாடியது.

பாண்டுரங்கன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அலை வராதுன்னியே, கச்சேரியே நடக்குது பாரு!"

மாரிசெல்வி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மூடி இடுக்கு கசியுது." அவர் தின்றுபோட்ட பிரியாணிப் பொட்டலத்தின் வெள்ளித்தாளைத் துடைத்தெடுத்து, போனை இடுக்கில்லாமல் இரண்டு சுற்று சுற்றினாள். மறுபடி அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது ஸ்பீக்கர் குரல். சின்னப்பொண்ணு பதறிப்போய்த் தாளைப் பிரித்தாள்; இவள் அழைத்ததும் போன் பாடியது. அவளே மறுபடி சுற்றினாள்; பேச்சில்லை. பிரித்தாள், பாடியது.

"சுத்துனா செத்துப் பூடுது, பிரிச்சா உசுரு வருது" என்று முணுமுணுத்தாள்.

"அது போனு, இது மோடம். வேற ஜாதி" என்று பாண்டுரங்கன் கையைக் கழுவ எழுந்தார். மோடத்துக்கும் ஜாதி பார்த்தாயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் வாலாஜாபாத் போய்விட்டார். பத்து ஐம்பதுக்கு மாரிசெல்வி துவைக்கிற கல்லருகே, தரையில் கழுவாமல் விட்டிருந்த இரண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கவிழ்த்த பக்கெட்டின் மேல் லேப்டாப். திரையில் அவள் முகமே கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தது.

பத்து ஐம்பத்தெட்டுக்கு முகம் தெளிந்தது. மூக்குத்திகூடத் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தாள். எதிர்வீட்டுக் கூடத்தில் பீரோ அகலத் திறந்து கிடந்தது. கதவு மூடாமல் அம்மிக்குழவி முட்டுக்கொடுத்திருந்தது. வாசற்படியில், நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி, பீரோவைப் பார்த்தபடி சின்னப்பொண்ணு வழிமறித்து உட்கார்ந்திருந்தாள்.

"சுருக்க பேசி முடி" என்றாள், திரும்பாமலே. "ரொம்ப நேரம் லட்சுமிய புடிச்சி வெக்க முடியாது."

மாரிசெல்விக்கு வாய் வரை ஒரு பதில் வந்தது. அதற்குள் அழைப்பு மணி அடித்தது. அவள் துப்பட்டா முடிச்சை அவிழ்த்து, உள்ளங்கையால் தரையிலிருந்த இரண்டை அழித்து, நான்கு என்று எழுதினாள். கையை உதறிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.