நாய்க்குப் போட்ட ஒப்புட்டு

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கல்யாணமான புதிது. பீளமேட்டில் மில் வேலை. சிரிப்புப் படம் என்றாலே அப்போது எனக்கு இளக்காரம்.

விருந்துக்கு அன்னூர் மாமியார் வீட்டுக்குப் போய் மூன்று நாள் மாட்டிக்கொண்டேன். இலையைக் கையால் மறைத்தாலும், "இன்னொண்ணே ஒண்ணுங்க மாப்பள" என்று மாமியார் நெய் வழிய ஒப்புட்டு, அதாவது போளி, வைத்துவிடுவார். வேண்டாமென்றால் மாப்பிள்ளைக்கு ஏதோ கோபம் என்று வீடே கலங்கும். வேறு வழியில்லாமல், யாரும் பார்க்காதபோது கைக்குட்டையில் சுருட்டிக் கொல்லைப்பக்கம் நாய்க்குப் போட்டேன். மூன்று நாளும் அதே திருட்டுத்தனம்தான்.

கடைசி நாள் மதியம் குடும்பத்தோடு சினிமா. இரண்டு பக்கமும் மச்சினன்கள், பின்வரிசையில் மாமியார். படத்திலும் ஒரு புது மாப்பிள்ளை, விருந்துப் பலகாரத்தைச் சட்டைப்பையில் ஒளிக்கிறான். ஓர் ஆடு அந்தப் பையைக் கவ்விக்கொண்டு ஊர்வழியே அவன்கூட வருகிறது. தியேட்டரே குலுங்கியது. எனக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது. எழுந்து போகவும் வழியில்லை.

சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே மாமியார் பின்னாலிருந்து என் காதுப்பக்கம் குனிந்தார்.

"நம்மூட்டு நாய் மூணு நாளா வெச்ச சோத்தத் திங்கறதில்லீங்க மாப்பள. வாயெல்லாம் நெய் வாசம்."

நான் சிரித்த சிரிப்பில் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அன்று ராத்திரி இலையில் ஒரே ஒரு ஒப்புட்டுதான் விழுந்தது.

இப்போதும் சிரிப்புப் படம் எப்படி என்று யாராவது கேட்டால், எனக்கு எந்த இடத்தில் வியர்த்தது என்று யோசிப்பேன். எங்கேயும் வியர்க்கவில்லையென்றால், போகாதீர்கள் என்று சொல்லிவிடுவேன்.