நேராகப் பார்க்கச் சொன்ன படம்

ஸ்ரீரங்கம் போகும் வழியில், திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்ட் அருகே ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது என்று விசாவுக்கு அனுப்பிய படம் திரும்பிவிட்டது. எனக்கு முன்னால் புர்கா அணிந்த ஓர் இளம்பெண், கைக்குழந்தையின் பாஸ்போர்ட்டுக்காக வந்திருக்கிறாள். கண் திறந்திருந்தால்தான் படம் செல்லும். வெள்ளைத் துணியில் கிடத்தியதுமே குழந்தை கண்களை இறுக மூடிக்கொண்டு வீறிடுகிறது.

“பசியாத்திட்டுக் கூட்டிட்டு வரக் கூடாதா? எவ்வளவு நேரங்க காத்திருக்கிறது?” என்று கத்திவிடுகிறேன்.

அவள் பதறிக் குழந்தையை வாரியெடுக்கிறாள். “நீங்க முதல்ல எடுத்துக்குங்கண்ணே. இவ அத்தா துபாய்ல இருக்காரு. இன்னும் புள்ளைய நேர்ல பாக்கல. அங்க போகத்தான் இந்தப் படம்.”

நான் போய் உட்காருகிறேன். கேமராவுக்குப் பக்கத்திலேயே குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி அவள் நிற்கிறாள்.

“தலையக் குனியாதீங்க சார், நேரா பாருங்க” என்கிறார் ஸ்டுடியோக்காரர், இரண்டாவது தடவையாக.