மாவு மில்லில் என் வலது கால்

சர்க்கரை வந்துவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து என் உடம்பில் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு கால்தான். அதற்கு முன் ஐம்பது வருடம் அதை நான் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் என்னோடு ஒரே ஷிப்டில் லேத் ஓட்டியவர், செருப்பு கடித்த புண்ணைக் கவனிக்காமல் விட்டு, இரண்டு விரல்களை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வந்தார். "வலிக்கவே இல்லப்பா, அதான் தெரியல" என்று அவர் சாதாரணமாகச் சொன்னதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. என் டாக்டரும் அதையே சொன்னார்: "அடிபட்டு வலிச்சா பயப்படாதீங்க. வலிக்கலன்னா உடனே ஓடி வாங்க."

நான் இரண்டுக்கும் சேர்த்தே பயந்தேன். படுக்கும்போதும் சாக்ஸ் போட்டுக்கொண்டேன்.

"கட்டில்ல யாருங்க வந்து உங்க கால மிதிக்கப் போறா?" என்றாள் மனைவி.

"நீதான். உன்னை நம்ப முடியாது."

அடுத்தது சப்பாத்தி. ராத்திரி சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்தி சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். எங்கள் மேனாம்பேட்டில் கோதுமை என்பது சாப்பாட்டுக் கணக்கில் வராது, மருந்துக் கணக்கில்தான் வரும். மருந்து என்றால் கூடுதலாகச் சாப்பிட்டால் சீக்கிரம் குணமாகும் அல்லவா? ஆறு சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமாவோடு. மனைவி தினமும் மாவைக் குத்தி, அறைந்து, கட்டையால் நசுக்கி, கல்லில் போட்டுச் சுட்டாள். யாரை நினைத்துக்கொண்டு அறைகிறாள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டையும் என் தொப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். "சப்பாத்தியும் மாவுதான் சார். ரெண்டு போதும். பக்கத்துல தட்டு நிறையக் காய் வைங்க. பாக்கெட் மாவு வேணாம், முழுக் கோதுமையா அரைச்சு, தவிட்டைச் சலிக்காம சாப்பிடுங்க."

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் காலைப் பூசை முடிந்த கையோடு, கோதுமைப் பையைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போனேன்.

மில்லை நடத்துவது ஒரு அக்கா. புருவம் வரை மாவு படிந்து, மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. கோதுமையோடு வெந்தயம் கலந்து அரைப்பவர், கடைசியில் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு கை அரிசியை மெஷினில் விட வேண்டும். மெஷினுக்குள் ஒட்டிக்கிடக்கும் கசப்பை அந்த அரிசி இழுத்துக்கொண்டு வந்துவிடும். இல்லாவிட்டால் அடுத்தவர் மாவு கசக்கும். சர்க்கரைக்காரர்கள் பெருகிய பிறகு வெந்தயமும் பெருகிவிட்டதால், அந்த ஒரு கை அரிசி மில்லில் கோர்ட்டுச் சட்டம் மாதிரி.

எனக்கு முன்னால் இரண்டு பேர். ஒருவர் ஆட்டோக்காரர், வெந்தயம் கலந்த கோதுமை. அவருக்கு அடுத்தவர் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர், அவரும் சர்க்கரைக்காரர். தன் டின்னைத் தரையில் வைத்துவிட்டு, வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார்.

"வெந்தயம் போட்டுகீறியே, அரிசி எங்கய்யா?" என்றார் அக்கா.

"எட்த்துகினு வர மறந்துட்டேங்க்கா" என்றார் ஆட்டோக்காரர். சொல்லிக்கொண்டே குனிந்து, பெரியவரின் டின்னிலிருந்து ஒரு கை கோதுமையை அள்ளி மெஷினுக்குள் விட்டார்.

பெரியவர் அதைப் பார்த்துவிட்டார். போனை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்தார். "எவம்ல என் டின்னுல கைய வச்சது?"

"நாந்தான் பெர்சு. உன் மாவு கசக்கக் கூடாதேன்னுதான்."

"எம் மாவு கசக்கக் கூடாதுன்னு எங் கோதுமையையே எடுத்தியால?"

"ஒரு கைதான் நைனா."

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் கேட்கவில்லை. "ஒரு கைதான் பெரியவரே. ஆனா அண்ணாத்தேக்குக் கை கொஞ்சம் பெரிசு" என்றேன்.

முதல் அறை மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ஆட்டோக்காரரின் முகம் திரும்பி என்னைப் பார்த்தது. திரும்பிய வேகத்திலேயே போய்ப் பெரியவரின் மூக்கில் முட்டியது. பொளக்கென்று ரத்தம். "எம்பொண்டாட்டி நாலு தண்ணி கழுவி, மாடியில காக்கா வெரட்டிக் காயவச்ச கோதுமைல!" என்று பெரியவர் கழுத்தைப் பிடித்தார். "நானும் சுகரு பேசன்ட்டுதான்யா! அல்வா கிண்டவா எட்த்தேன்?" என்று ஆட்டோக்காரர் அவர் கையைக் கடித்தார். மாவு அள்ளும் தகரக் கரண்டி பறந்து சுவரில் மோதியது. பெரியவர் அதைப் பொறுக்கி ஆட்டோக்காரரின் புருவத்தைக் கிழித்தார். இருவரும் உருண்டு மாவு மூட்டையில் விழ, மில் முழுக்க வெள்ளைப் புகை. நடுவில் மெஷினின் பெல்ட் பட்பட்டென்று அடித்துக்கொண்டு ஓடியது. ஒரு வேட்டி நுனி பெல்ட்டுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் படபடத்தது.

நான் என்ன செய்தேன்? விலக்கிவிட்டேனா? சுவிட்சை அணைத்தேனா? என் இரண்டு பாதங்களையும் காப்பாற்ற எடை மெஷின் மேல் ஏறிக் குந்திக்கொண்டேன். சிவப்பு எழுத்தில் எண்பத்து நாலு கிலோ என்று எரிந்தது. அந்த நிலையிலும், போன மாதத்தைவிட ஒன்று கூடியிருக்கிறதே என்று ஒரு கவலை.

"மெஷின நிறுத்துங்கக்கா! நிறுத்துங்க! மாதாவே!" என்று அலறினேன். அடி வாங்கிய இரண்டு பேரும் அப்படி அலறவில்லை.

அக்கா மெஷினை அணைத்துவிட்டுத் துடைப்பத்தோடு பாய்ந்தார். பாகுபாடு இல்லாமல் இருவர் முதுகிலும் சாத்தினார். "சாவறதுன்னா வெளிய போய்ச் சாவுங்கடா! நாளிக்கி எவன் இங்க மாவு அரைக்க வருவான்?" அந்த அடியில் திமிறி எழுந்த பெரியவர், கையில் கிடைத்ததைத் தூக்கி எறிந்தார். கிடைத்தது அவருடைய டின்னேதான். ஆட்டோக்காரர் குனிந்துகொண்டார். முழு டின், கோதுமையோடு, என் வலது பாதத்தில் வந்து விளிம்பால் இறங்கியது.

"ஐயோ, போச்சு! என் காலு போச்சு!" என்று பார்ப்பதற்கு முன்பே கத்தினேன். பிறகு பார்த்தேன். வெள்ளை மாவில் தோய்ந்த கால். விரல்கள் அப்படியே இருந்தன. வலிக்கவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, வலிக்கவே இல்ல" என்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன்.

சிரிப்பு பாதியில் நின்றது. வலிக்கவே இல்லை.

கட்டைவிரலைச் சுற்றியிருந்த மாவு மெதுவாகச் சிவந்தது. ரத்தம் ஊறி ஊறி, மாவு பிசைந்ததுபோல் குழைந்து நகத்தைச் சுற்றித் திரண்டது. என் காலில் நடப்பதை யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாய் மூடியதில்தான் சண்டை நின்றது.

"இன்னா மாமே, மூஞ்சி இப்டி ஆயிட்ச்சு?" என்றார் ஆட்டோக்காரர், புருவத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே.

"வலிக்கல" என்றேன்.

அவருக்குப் புரிந்தது. பெரியவருக்கும் புரிந்தது. மூன்று பேருக்கும் ஒரே வியாதிதானே. ஒருவர் தோளைப் பிடிக்க, ஒருவர் காலைப் பிடிக்க, என்னைக் கோதுமை மூட்டைபோல் தூக்கி ஆட்டோவில் போட்டார்கள். பெரியவர் என் பாதத்தைத் தன் மடியில் வைத்து, தன் மூக்கைத் துடைத்த துண்டாலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வழியில் எந்தப் பள்ளத்துக்கும் ஆட்டோக்காரர் பிரேக் போடவில்லை. ஒவ்வொரு குலுக்கலிலும் காலுக்குள் ஏதாவது தெரிகிறதா என்று காத்திருந்தேன். இடுப்பு வலித்தது. கால் பேசவில்லை.

"ராத்திரி எத்தன சப்பாத்தி சாப்புடுதீரு?" என்று பெரியவர் மெதுவாகக் கேட்டார்.

"முன்னாடி ஆறு. இப்ப ரெண்டு."

"நா எட்டு" என்றது முன்சீட்டு.

"ஏல, எட்டா? வெளங்கும்!"

கிளினிக்கில் நர்ஸ் மாவைக் கழுவினார். நகம் பாதி பிய்ந்து தொங்கியது. டாக்டர் ஒரு குச்சியால் விரல் நுனியைக் குத்தினார். "தெரியுதா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல டாக்டர்."

பக்கத்து பெஞ்சில் புருவத்துக்குத் தையல் போட உட்கார்ந்திருந்தவரும், மூக்கில் பஞ்சு வைத்திருந்தவரும் என் காலையே பார்த்தார்கள். லேத் ஓட்டியவரின் பாதம் என் கண்ணில் வந்து நின்றது. டாக்டர் தொங்கிய நகத்தை இடுக்கியால் பிடித்தார். நர்ஸ் புண்ணுக்குள் மருந்தை ஊற்றினார்.

விரலின் அடியிலிருந்து தீ கிளம்பி முழங்கால் வரை ஏறியது. பழுக்கக் காய்ந்த கம்பியைச் செருகியதுபோல் இருந்தது. என் கால் தானாக உதைத்தது. தட்டு, இடுக்கி, பஞ்சு எல்லாம் பறந்தன.

"வலிக்குது!" என்று கத்தினேன். "ஐயோ, வலிக்குது! பயங்கரமா வலிக்குது!"

"கத்து மாமே, நல்லா கத்து!" என்றார் ஆட்டோக்காரர். பெரியவர் பஞ்சு வைத்த மூக்கோடு சிரிக்க முயன்று, வலியில் முனகினார்.

"நுனி கொஞ்சம் மரத்திருக்கு. மீதி உயிரோடதான் இருக்கு" என்றார் டாக்டர், கீழே விழுந்த இடுக்கியைப் பார்த்தபடி. "நகம் போகும். விரல் போகாது. தினம் வந்து கட்டு மாத்திக்கணும்."

நர்ஸ் சுருங்கிய முகத்தோடு வேறு தட்டு எடுத்து வந்தார். நான் காலை நீட்டினேன்.

"இன்னொரு வாட்டி ஊத்துங்க சிஸ்டர்."