தீப்பிடித்த ஹார்ட் டிஸ்க்

போன சனிக்கிழமை காலை சிவகாசியிலிருந்து போன். கல்லூரித் தோழி ஸ்டெல்லா.

"ஏ புள்ள, பாஸாயிருச்சுடி!"

பரீட்சை எழுதும் வயதில் அவள் வீட்டில் யாருமில்லையே... "யாருடி பாஸு?"

"என் பேக்கேஜு!"

விஷயம் இதுதான். மல்லாங்கிணறு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஸ்டெல்லா கம்ப்யூட்டர் டீச்சர். லேபில் இருப்பதெல்லாம் பழைய மெஷின்கள். விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டு ஓட்டுகிறார்கள். ஹார்ட் டிஸ்க்கைப் பாகம் பிரிக்க வேண்டுமென்றால் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும். போன வருஷம் இன்னொரு டீச்சர் ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிட்டார். பிள்ளைகள் செய்து வைத்திருந்த பிராஜெக்ட் மொத்தமும் காலி. அதன் பிறகு அந்த டீச்சர் லேப் பக்கமே வருவதில்லை.

இதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. டிஸ்க்கைப் படமாகக் காட்டும். மவுஸால் இழுத்துப் பிரிக்கலாம். 'நிஜமாகவே அழிக்கவா?' என்று கேட்டுவிட்டுத்தான் அழிக்கும். ஆனால், இவர்கள் லினக்ஸ் சி.டி.யில் அது இல்லை. பள்ளியில் இன்டர்நெட்டும் இல்லை. சி.டி.யில் ஏற வேண்டுமென்றால் யாராவது அதை, தேவையான ஃபைல்களெல்லாம் சேர்த்து முறைப்படி பேக்கேஜாகக் கட்டி, சி.டி. தயாரிப்பவர்களுக்கு அனுப்ப வேண்டும். உலகம் முழுக்க ஆர்வலர்கள் சம்பளமில்லாமல் செய்கிற வேலை அது.

"நானே கட்டுறேன்" என்று உட்கார்ந்துவிட்டாள் ஸ்டெல்லா.

லேசில் முடிகிற காரியமா? அனுப்பியதைச் சரிபார்ப்பவர் பெல்ஜியத்தில் இருக்கிறார். விளக்கக் குறிப்பு எங்கே? இந்த ஃபைல் ஏன் இந்த இடத்தில்? ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினார். "என் மாமியாகூட இம்புட்டுக் குறை சொன்னதில்லடி" என்றாள்.

கடைசியாக ஒரு கேள்வி. மென்பொருளைத் திறக்கக் கிளிக் செய்யும் குட்டிப் படம், அந்த ஐகானை வரைந்தது யார்? அவருடைய அனுமதி எங்கே?

மென்பொருளை எழுதியவருக்கே தெரியவில்லை. இணையத்தில் எங்கோ எடுத்த படம்! அனுமதி இல்லாத படத்தைச் சி.டி.யில் ஏற்ற மாட்டார்கள். சி.டி.யின் புதுப் பதிப்புக்குக் கதவடைக்கும் நாளோ நெருங்கிவிட்டது. தவறவிட்டால் அடுத்த பதிப்பு வரை லேபில் அதே கறுப்புத் திரைதான். ஸ்டெல்லா அழுதே விட்டாள்.

அவள் கணவர் ஞானராஜ் ஆஃப்செட் அச்சகத்தில் டிசைனர். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைபவர். சீசன் நேரம், ஆர்டர் குவிந்து கிடந்தது. அதனாலேயே அவரிடம் இவள் கேட்கவில்லை. கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு அவரே கேட்டாராம்:

"ஒரு டிஸ்க்குப் படம்தான? இதுக்குப் போயா அழுவ? நான் போட்டுத் தாரேன்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து வரைந்து கொடுத்தார். அவசரத்தில் இவளும் அனுப்பிவிட்டாள். பெல்ஜியத்திலிருந்து பதில் வந்தது: 'அழகான படம். ஆனால் டிஸ்க் ஏன் தீப்பிடித்து எரிகிறது? இதைப் பார்த்தால் யாருக்கும் கிளிக் செய்யக் கை வராதே?'

திறந்து பார்த்தால்... வெள்ளி நிற டிஸ்க்கைச் சுற்றி சிவப்பும் பச்சையுமாகப் பொறி பறக்கிறது!

"கைப் பழக்கம். வட்டமா எதைப் போட்டாலும் சங்குசக்கரமா சுத்துது" என்று தலையைச் சொறிந்தார் ஞானராஜ். பொறிகளை அழித்துக் கொடுத்தார். பேக்கேஜ் பாஸ்!

போன் வந்த மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா பெருமையாக ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். யார் யார் என்னென்ன செய்தார்கள் என்ற விவரமும் பேக்கேஜுடன் ஒரு ஃபைலில் போகுமாம். அதில், ஐகான் வரைந்தவர் என்ற இடத்தில் ஞானராஜ் பெயர்.

அவரும் அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். அவர் வரைந்த கிளியும் மயிலும் புலியும் பட்டாசுப் பெட்டிகளில் ஊர் ஊராகப் போகின்றன. எந்தப் பெட்டியிலாவது வரைந்தவர் பெயரைப் பார்த்திருக்கிறீர்களா?

நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் கேட்டார்: "மதினி, இது வெளிநாட்டுக்கெல்லாம் போகுமோ?"

"போகுமே!"

"எம்புட்டுப் பேரு பாப்பாக?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா முந்திக்கொண்டாள். "அந்த ஃபைல யாருங்க தொறந்து பாக்கப் போறா?"

எனக்குத்தான் சங்கடமாகிவிட்டது. அவர் சிரித்தார்.

"பாக்காட்டிப் போறாக. நீ எழுதிருக்கேல்ல... போதும்."

நானும் லினக்ஸ் கற்றுக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன் – என் வீட்டுக்காரர் பெயரை எழுத எனக்கும் ஓர் இடம் வேண்டாமா?