வேலியோரத்துச் சிவப்புத் துணி

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் பிறந்த மூன்றாம் வருடம், பாரோய் ஊருக்கு அப்பாலிருந்த ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். புல்லுக்குள் யாரும் பதுங்கி வரக்கூடாதென்று வேலியோரம் முழுக்கக் களைக்கொல்லி மருந்தடிக்கச் சொன்னார் தோட்டத்துத் தொரை. நான்கு வருடமாக மருந்தடித்து நகமெல்லாம் வெடித்துப்போன பூங்காவனத்தின் தலையில் அந்த வேலையும் விழுந்தது.

அந்த மருந்துக்கு லாலான் புல்லும் ஒன்றுதான், கீரையும் ஒன்றுதான், பட்டதெல்லாம் கருகும். உப்புக் கரிப்பதால் மாடுகள் தேடி வந்து நக்கும். நக்கிய மாடு பிழைக்காது. அதனால் மருந்தடித்த இடத்தில் பத்தடிக்கு ஒரு குச்சி நட்டு, பழைய சேலையைக் கிழித்துச் சிவப்புத் துணி கட்டிவிடுவாள். அதைக் கண்டால் யாரும் மாட்டை அந்தப் பக்கம் விடமாட்டார்கள்.

வேலியோரம் மருந்தடித்துத் துணி கட்டிய அன்று மாலை ரோந்து வந்த பட்டாளத்துக்காரன், கம்யூனிஸ்டுக் கொடி என்று நினைத்து அத்தனையையும் பிடுங்கிப் போட்டான்.

"ஐயோ, அது மாட்டுக்குக் கட்டுனதுய்யா!" என்று அவள் கத்தியது தமிழ் தெரியாத அவனுக்குப் புரியவில்லை.

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அமிர்தலிங்கம் அவளை இழுத்தார். "சும்மா இரு லா, சுட்டுருவான்."

மறுநாள் காலை தொரையின் பால்மாடு வேலியோரம் செத்துக் கிடந்தது. "ஏன் அடையாளம் வைக்கல?" என்று அவளிடம் குதித்தார் தொரை.

"வச்சேன் தொரை. எனக்குத் துணி கட்டத்தான் தெரியும். துப்பாக்கி வச்சிருக்கவன் கையைக் கட்டத் தெரியாது."

தொரை போய்ப் பட்டாள முகாமுக்குப் போன் போட்டார்.

அடுத்த முறை மருந்தடித்தபோது குச்சிகளை நட்டவன் அதே பட்டாளத்துக்காரன்தான். பூங்காவனம் பின்னாலேயே நடந்து, கோணலாய் நின்றதையெல்லாம் பிடுங்கி அவன் கையில் கொடுத்தாள்.