நாலாவது சாட்சி சொன்னது

கட்டுக்கதை எழுதிப் பயமுறுத்தும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. நடந்ததைத்தான் எழுதுகிறேன். எழுதவே கூசுகிறது.

நான் ஒரு விசாரணை அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அங்கே டைப்பிஸ்ட் நான் ஒருவன்தான். ஓர் ஐந்து மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் சரியில்லை என்று மொட்டைக் கடிதம் வந்தது. லிஃப்டை நிறுத்தி வைத்துவிட்டு, குடியிருப்பவர்களைக் கூப்பிட்டு விசாரித்தோம். சாட்சி சொல்வதைச் சொன்னபடியே டைப் செய்து, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதல் மூன்று பேரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். "லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது." நாலாவதாக வந்தவர் ஐந்தாம் மாடியில் துணி தைக்கும் அம்மா. விரலில் போட்ட தையல் உறையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். மணி 1:10. அதிகாரி சாப்பிடப் போய்விட்டார். எனக்கும் அகோரப் பசி. அந்த அம்மா ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஒரே வார்த்தை அடித்தேன். 'மேற்படி.'

"படிச்சுக் காட்டலையே சார்?"

"எல்லாரும் சொன்னதுதாம்மா. கையெழுத்தைப் போடுங்க."

போட்டார். 'ஒருவரும் குறை கூறவில்லை' என்று அன்றே அறிக்கை போனது. மறுநாள் காலையில் லிஃப்டை ஓடவிட்டார்கள்.

அன்று பிற்பகல் 3:40. அறையில் நான் மட்டும்.

டிங்...

லிஃப்ட் வந்து நிற்கும்போது அடிக்கும் மணி. எங்கள் அலுவலகத்துக்கு மாடியே கிடையாது.

நிமிர்ந்தேன். எதிர் நாற்காலியில் அந்த அம்மா. கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை. அறையெல்லாம் கிரீஸ் வாடை.

"படிச்சுக் காட்டுங்க."

உறை போட்ட விரல் மேசையைத் தட்டியது. டக்... டக்...

ஃபைலை எடுத்தேன். "மேற்படி" என்று படித்தேன். வெட்கத்தில் காது சுட்டது.

"நான் சொன்னது அது இல்ல."

மெஷினில் புதுத் தாளைச் செருகினேன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்.

"மேல போறப்ப கயிறு கிறீச்சுன்னு கத்துது. மூணு தடவை சொல்லிட்டேன். யாரும் வந்து பாக்கல."

படித்துக் காட்டினேன்.

"இன்னொரு தடவை அடிங்க."

அடித்தேன்.

"இன்னொரு தடவை."

மூன்றாம் தடவையும் அடித்து முடித்தேன். தட்டும் சத்தம் நின்றது...

நாற்காலி காலி.

டிங்...

அந்தத் தாளை என்ன செய்தேன் தெரியுமா? வெளியே தெரிந்தால் என் குட்டு உடைந்துவிடும். நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

4:20. போன் வந்தது.

கயிறு அறுந்து லிஃப்ட் விழுந்துவிட்டதாம். உள்ளே இருந்தது ஒரே ஒருவர். தையல் அம்மா.

விழுந்த நேரம் 3:10.

மறுபடியும் விசாரணை வைத்தார்கள். புது அதிகாரி பழைய ஃபைலை என் பக்கம் திருப்பினார். 'மேற்படி'க்கு அடுத்து ஒரு தாள். கிழிசல் இல்லை. மடிப்புகூட இல்லை. கயிறு கத்துவதாக ஒரே வாக்குமூலம், மூன்று தடவை. கீழே அந்த அம்மாவின் கையெழுத்து.

"இது நீங்க அடிச்சதா?"

டக்... டக்... மேசைக்கு அடியிலிருந்து.

"இல்ல சார்."

அந்தப் பொய்யை நானேதான் டைப் செய்தேன். எழுத்துப் பிசகாமல், சொன்னது சொன்னபடி.